கோகோ கோப்பையின் கணக்கு
பக்கத்து வயல் (வரலாற்றுத் தொடர்) – 7

மேசைமேல் ஆவி பறக்க ஒரு கோப்பை கோகோ. குடிக்கப்போகிறவர் பம்பாயிலோ சென்னையிலோ வசிக்கும் வசதியான மனிதர். காலம் 1930-கள். கோப்பை உதட்டைத் தொடுவதற்குள் ஒருவர் குறுக்கே வந்து கணக்குக் கேட்கிறார். இந்தக் கோகோ விளைந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில். அங்கே தோட்டத்தில் பாடுபட்டவர்கள் விரும்பி வேலைக்கு வந்தவர்களா, அடித்துப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களா? மூட்டைகள் கடல் தாண்டி வந்த பாதையை யாருடைய போர்க்கப்பல் காவல் காக்கிறது? இங்கிலாந்தின் போர்ன்வில் ஆலையில் அதைப் பொடியாக்கியவர்களுக்கு என்ன கூலி? இந்தியத் துறைமுகத்தில் அதற்கு ஏன் வரிச் சலுகை, அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்த அதிகாரம் எது? இவற்றுக்கெல்லாம் பதில் தெரியாமல் குடித்தாலும், இந்தச் சங்கிலியில் எங்கெங்கே கொடுமை நடந்திருக்கிறதோ அங்கெல்லாம் குடிப்பவருக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்துவிடாது.

கேட்டவர் ஒரு ஆடிட்டர். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்திய ஜே.சி. குமரப்பா. ‘கிராம இயக்கம் ஏன்?’ என்று 1936-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் இந்தக் கோகோ கணக்கு வருகிறது.

இந்தத் தொடரில் இதுவரை உழவர்களையும் சந்தை நடத்தியவர்களையும் சமையல்காரர்களையும் பார்த்தோம். பக்கத்தில் விளைந்ததை வாங்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார்கள். சிலருக்கு ருசி, சிலருக்கு உடம்பு, சிலருக்கு மண். குமரப்பா சொன்ன காரணம் இவை எதிலும் அடங்காதது. ஒரு பொருளை வாங்குகிறவன், அந்தப் பொருள் உருவான விதத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறான். ஆகவே தன் கண்ணுக்கு எட்டுகிற, தான் கேள்வி கேட்க முடிகிற வட்டத்துக்குள் வாங்குவதுதான் நேர்மை. தொலைவு கூடக் கூடக் கணக்கில் பல வரிகள் மறைந்துபோகும். மறைந்த வரிகளில்தான் பாவம் ஒளிந்திருக்கும். உணவையும் உழவையும் பற்றி அவர் பின்னாளில் எழுதியவை அனைத்தும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவை என்றே நான் வாசிக்கிறேன்.

1892 ஜனவரி 4-ஆம் தேதி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தகப்பனார் பொதுப்பணித் துறை ஊழியர். பிள்ளை கோட்டும் டையுமாக வளர்ந்தார். பம்பாயில் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது 1927-இல் அமெரிக்கா போனார். சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், பிறகு கொலம்பியாவில் எட்வின் செலிக்மனிடம் பொது நிதி. இந்திய மக்களிடம் வசூலாகும் வரி எங்கே போகிறது, எதற்குச் செலவாகிறது என்று ஏடுகளைப் புரட்டியபோதுதான் அவருக்குப் பிரிட்டிஷ் ஆட்சி புரிந்தது. கூட்டத்தில் கேட்ட பேச்சு அவரைத் தேசியவாதி ஆக்கவில்லை. வரவு செலவு அறிக்கை ஆக்கியது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை மீட்டுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

1929 மே 9-ஆம் தேதி, தன் ஆய்வேட்டோடு சபர்மதிக்குப் போனார். காந்தி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆசிரமத்தில் உலாத்தினார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு குமரப்பா வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் பொக்கைவாய்ச் சிரிப்போடு, நீங்கள்தானே குமரப்பா என்று கேட்டார். அப்போதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. சூட்டு மடிப்புக் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

காந்தி அந்த ஆய்வை ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகா. அங்கே மக்களால் அரசு கேட்கும் நிலவரியைக் கட்ட முடியுமா என்று கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாகப் போனார். எத்தனை மாடு, எவ்வளவு விளைச்சல், எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள், எவ்வளவு கடன். அந்த அறிக்கை 1931-இல் அச்சானது. கொலம்பியாவில் தலைக்கு மேலே இருந்து பார்த்த கணக்கை, இங்கே அடுப்படியிலிருந்து பார்த்தார். வயலில் விளைந்தது வண்டியேறி வெளியே போவதையும், வெளியே இருந்து துணியும் எண்ணெயும் வண்டியேறி உள்ளே வருவதையும், இரண்டு பயணத்துக்கும் நடுவில் கிராமம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்துப்போவதையும் தாளில் எழுதினார்.

1934 அக்டோபரில் பம்பாய்க் காங்கிரஸ் தீர்மானம் போட, டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. காந்தி வழிகாட்டி, குமரப்பா செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் மகன்வாடி என்ற இடம். அங்கே நடந்தது பெரும்பாலும் சாப்பாட்டு ஆராய்ச்சி. கைக்குத்தல் அரிசி, திரிகையில் அரைத்த மாவு, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேன். சோயா மொச்சையையும் வேப்பிலைத் துவையலையும் காந்தி எல்லோருக்கும் பரிமாறிப் பார்த்த காலம் அது. கேலி செய்தவர்கள் பலர். சுதந்திரப் போராட்டத்தை விட்டுவிட்டு அரிசி குத்துகிறார்களே என்று காங்கிரஸ்காரர்களே முணுமுணுத்தார்கள்.

அரிசி குத்துவது அப்போது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இன்றைக்கு நமக்குப் பிடிபடாது. காய்ந்த நெல்லை உரலில் கொட்டி, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்க வேண்டும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். முதல் குத்தில் உமி கழலும். முறத்தில் அள்ளிப் புடைத்து உமியை ஊதித் தள்ளி, நாவிக் குருணையைப் பிரித்தால் மங்கிய சிவப்பும் பழுப்புமாக அரிசி கிடைக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் இன்னொரு குத்து. அதில் வருவது தவிடு. மாட்டுக்குப் போகும். உமி அடுப்புக்கும் சூளைக்கும் போகும். நெல்லில் எதுவும் ஊரை விட்டு வெளியே போவதில்லை.

1920-களிலும் 30-களிலும் ஆயில் எஞ்சின் வைத்த ஹல்லர் மில் ஊர் ஊராக வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொங்குப் பக்கம் மின்மோட்டாரும் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்கக் குத்தினால் தீராத நெல்லை மில் நிமிஷத்தில் வெள்ளை வெளேரென்று தள்ளியது. அரிசி குத்திப் பிழைத்த கூலிப்பெண்களுக்கு வேலை போயிற்று. உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து மில்லிலேயே கிடந்தன. அரிசியில் இருந்த சத்தும் தவிட்டோடு போயிற்று.

இந்தக் கடைசி வாக்கியத்தை ருசுப்படுத்திய ஆராய்ச்சி நடந்தது நம் குன்னூரில். ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஆய்வுக்கூடம் வைத்துப் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். சென்னை மாகாணத்தின் வடக்கே, தெலுங்கு மாவட்டங்களில் மில்லில் தீட்டிய பச்சரிசியே சாப்பாடு, அங்கே பெரிபெரி. தெற்கே புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுவதால் நோய் குறைவு. பிறகு அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை அவற்றுக்குப் போட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றவை சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை. நீலகிரியில் இருந்துகொண்டு கீழே சமவெளியில் இருந்த நம்மைப் பற்றி அவர் எழுதிய அந்தத் தீர்ப்பு வலிக்கத்தான் செய்கிறது. அவருக்குப் பின் அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்ற அய்க்ராய்ட் காலத்தில், இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்று 1937-இல் குன்னூரிலிருந்து ஒரு கையேடே வெளியானது. கேப்பை, கம்பு, முருங்கைக்கீரை எல்லாம் ஆய்வுக்கூட எண்களோடு அச்சேறின.

குமரப்பாவுக்கு எண் கிடைத்தால் போதும். அவர் போட்ட திட்டம் இதுதான். ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வது. தலைக்கு நாள் ஒன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம். அதோடு பருப்பு, வெல்லம், கொட்டை, எண்ணெய், நெய், பால், காய், கிழங்கு, பழம். எல்லாம் சேர்ந்து சுமார் 2,860 கலோரி. உடுத்தத் துணி வேண்டும், ஆகவே பருத்தியும் உண்டு. இதையெல்லாம் ஒரு லட்சத்தால் பெருக்கி, வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் எந்தப் பயிருக்கு வேண்டும் என்று பட்டியல் போட்டார். அந்த வட்டாரத்து நிலம் முதலில் அந்த வட்டாரத்து வயிற்றுக்கு. மிச்சம் இருந்தால் சந்தைக்கு. சமநிலைச் சாகுபடி என்று அதைச் சொன்னார்.

படிக்கும்போது இது எளிமையாகத் தெரியும். ஆனால் அவர் அதற்கு வைத்த பூட்டு கடுமையானது. எந்த நிலத்தில் எதைப் பயிரிடலாம் என்று உரிமம் கொடுக்க வேண்டும் என்றார். உழவன் நினைத்த பயிரை வைக்க முடியாது. புகையிலையும் ஆலைக்கரும்பும் சணலும் உணவு நிலத்துக்குள் நுழையக்கூடாது. மலபாரில் நெல்வயல்கள் தென்னந்தோப்பாகி, அந்தத் தேங்காயெண்ணெய் சோப்பு ஆலைக்குப் போனதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். வயிற்றுக்கான நிலத்தைச் சோப்பு நுரையாக்கிவிட்டார்கள் என்பது அவர் கோபம். கோபம் நியாயம்தான். உரிமத்தை யார் கொடுப்பார்கள்? எங்கள் ஊர்களில் அந்தக் காலத்துக் கிராம முன்சீப்பையும் கர்ணத்தையும் அறிந்தவர்கள் அந்த அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுக்க இரண்டு தடவை யோசிப்பார்கள்.

இனிப்புக்கு அவர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. கரும்பு நல்ல நஞ்சையைத் தின்னும், தண்ணீரைக் குடிக்கும். பனை ஒன்றையும் கேட்காது. வரப்பிலும் தேரியிலும் புறம்போக்கிலும் தானாக நிற்கும். கருப்பட்டி காய்ச்சினால் சர்க்கரை கிடைத்த மாதிரியும் ஆயிற்று, ஒரு ஏக்கர் நெல்வயல் மிஞ்சிய மாதிரியும் ஆயிற்று. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தபோது, பிழைப்பு இழந்த மரமேறிகளைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வைக்கும் முயற்சிக்குக் கிராமத் தொழில் இயக்கத்தின் அனுபவம் பக்கபலமாக இருந்தது.

இனி, குமரப்பா கோகோவுக்குப் போட்ட கணக்கை நம்முடைய அன்றைய சோற்றுத் தட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். இது அவர் எழுதியதல்ல. அவர் முறையில் நான் போட்டுப் பார்ப்பது.

1930-களில் சென்னை மாகாணத்தில் பல வீடுகளில் வெந்தது பர்மா அரிசி. ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் திருத்திப் பர்மிய உழவர்கள் நெல் விளைவித்தார்கள். அதற்கு முதல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார். அறுவடைக்கும் மில்லுக்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் கப்பலேறிப் போன கூலிகள் தமிழர்களும் தெலுங்கர்களும். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து வெளியே போனது. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்கு. விலை மலிவு. மலிவுக்குள் என்ன இருந்தது என்று 1930-இன் பெருமந்தம் காட்டியது. நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. அவர்கள் விரும்பிக் கேட்டதல்ல, வராக்கடனுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? ரங்கூன் தெருக்களில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. மதுரையிலோ கோட்டயத்திலோ அந்த அரிசியை உலையில் போட்டவருக்கு இதில் எதுவும் தெரியாது. படி என்ன விலை என்பது மட்டும் தெரியும்.

1942 மார்ச் 8-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல் நின்றது. அந்த அரிசியை நம்பித் தங்கள் நிலத்தை ரப்பருக்கும் தென்னைக்கும் மிளகுக்கும் கொடுத்திருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் பட்டினியில் விழுந்தன. மரவள்ளிக் கிழங்கு உயிரைப் பிடித்துவைத்தது. வங்காளத்தில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். 1943-இல் அங்கே செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். பர்மா அரிசி நின்றது மட்டும் அதற்குக் காரணமல்ல. படகுகளை அரசே பறித்தது, ராணுவத்துக்காக நெல்லை வாரியது, வியாபாரிகள் பதுக்கினார்கள், காகித நோட்டு வெள்ளமாகப் பாய்ந்து விலை ஏறியது.

அந்தக் காகித நோட்டைத்தான் குமரப்பா பிடித்துக்கொண்டார். லண்டனில் எழுதிவைத்த கடன்பத்திரத்தைக் காட்டி இங்கே நோட்டு அச்சடித்து, அந்த நோட்டைக் கொடுத்து உழவனின் தானியத்தைப் போருக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று சங்கத்தின் பத்திரிகையான ‘கிராம உத்யோக் பத்திரிகா’வில் எழுதினார். அப்பத்துக்குப் பதில் கல் என்று தலைப்பு; பைபிள் படித்த பிள்ளை அல்லவா. அந்தக் கட்டுரைக்காக அரசு வழக்குத் தொடுத்தது. ஜபல்பூர் மத்தியச் சிறையில் இருந்தபோதுதான், ரத்த அழுத்தத்தோடு போராடிக்கொண்டே, ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று தமிழில் சொல்லத்தக்க தன் முக்கிய நூலை எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது. தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் மேல் கட்டிய வாழ்க்கை சண்டையில்தான் முடியும். ஆண்டுதோறும் திரும்ப விளைவதன்மேல் கட்டிய வாழ்க்கைக்குச் சண்டை தேவையில்லை என்பது அதன் அடிப்படை. போர் நடந்துகொண்டிருக்கும்போது, சிறைக்குள்ளிருந்து எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய புத்தகம்.

குமரப்பாமேல் எனக்குள்ள மதிப்பு, அவர் கணக்கில் விட்டுப்போன இடங்களைச் சொல்வதற்குத் தடையாக இருக்கக்கூடாது. அவரே ஆடிட்டர், பூசி மெழுகுவதை விரும்பியிருக்க மாட்டார்.

முதலாவது, உலக்கை பிடித்த கை. கூலிக்குக் குத்திய பெண்ணுக்கு மில் வந்ததால் பிழைப்புப் போனது உண்மை. ஆனால் சொந்த வீட்டில் கூலியில்லாமல் விடியற்காலையிலும் நடுப்பகலிலும் குத்தித் தீர்த்த பெண்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மில் வந்தபோது அவர்கள் தோள்வலி தீர்ந்தது. தவிட்டோடு சத்து போகிறது என்று எத்தனை சொன்னாலும் அந்தப் பெண்கள் நெல்மூட்டையை மில்லுக்குத்தான் அனுப்பினார்கள். அதில் அறியாமை ஒன்றுமில்லை. இயக்கத்தார் திரிகையைச் சீர்செய்தார்கள், உமி மட்டும் கழலும்படி எளிய கருவிகள் செய்தார்கள். அவர்கள் ஓட்டத்தைவிட எஞ்சின் வேகமாக ஓடியது.

இரண்டாவது இதைவிடப் பெரியது. பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் கொடுமை நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. அவர் பிறந்த தஞ்சாவூரையே பாருங்கள். அரிசி தின்றவரும் பக்கம், வயலும் பக்கம், அதில் இறங்கி நட்டவளும் பக்கம். மிராசுதார் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் பண்ணையாளின் குடிசை தெரியும். பண்ணையாளுக்கு விழுந்த சவுக்கடியும் வாயில் ஊற்றிய சாணிப்பாலும் யாருக்கும் தெரியாமல் நடந்தவை அல்ல. சாதி என்பது பத்தடி தூரத்தையும் கடல் தூரமாக்கிவிடும் என்பதைக் கோகோ கணக்குப் போட்டவர் தொடக்கத்தில் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதே தஞ்சை மாவட்டத்தில், தலித் கூலிக் குடும்பங்கள் உள்ளே இருக்கக் கீழவெண்மணிக் குடிசை எரிந்தது 1968 டிசம்பர் 25 இரவு, சுற்றிலும் நெல்வயல்தான்.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாடு முழுக்கச் சுற்றி 1949-இல் கொடுத்த அறிக்கையில், உழுகிறவனுக்கும் அரசுக்கும் நடுவே யாரும் இருக்கக்கூடாது என்றார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ உட்கார்ந்திருப்பது கூடாது. ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு வேண்டும். பக்கத்து வயலிலிருந்து வாங்கு என்று சொன்னவர், அந்த வயல் யாருடையது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஆட்சிக்கு வந்திருந்தவர்களில் நிலம் வைத்திருந்தவர்கள் அதிகம். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டுமான பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அதுவும் கம்யூனிஸ்டுகளும் விவசாயத் தொழிலாளர்களும் தெருவில் நின்றதால் வந்தது, அறிக்கையால் அல்ல.

நேருவின் திட்டக்குழுக்களோடு குமரப்பாவுக்கு ஒத்துவரவில்லை. 1938-இல் தேசியத் திட்டக் கமிட்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சீக்கிரமே எழுந்து வந்தவர். ட்ராக்டர் வருகிறது, ரசாயன உரம் வருகிறது என்று டெல்லி மகிழ்ந்தபோது, மாடு போனால் சாணிக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. உடல்நிலையும் இடம்கொடுக்காமல், மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். ஒரு சிறிய வீடு. சுவரில் ஓர் ஏழை உழவனின் படம். அவர் என் குருவின் குரு என்று வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்வாராம். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி சுடப்பட்ட அதே நாளில், குமரப்பா காலமானார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1958-இல், நாடாளுமன்றம் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியிருந்தது. புதிய மில் வைக்க உரிமம் வேண்டும். உரிமம் கொடுக்கும் முன் அந்த வட்டாரத்தில் கைக்குத்தல் தொழிலை நம்பியிருப்பவர்கள் கதி என்னவாகும் என்று பார்க்க வேண்டும். மகன்வாடியில் கேலிக்கு ஆளான உலக்கைக்குக் கடைசியில் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது. ஆனால் சட்டம் வருவதற்குள் உலக்கை பரணுக்குப் போய்விட்டது. 1956-இல் அமெரிக்காவோடு போட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தில் கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. 1966-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன் கப்பலை விடுவாரா மாட்டாரா என்று டெல்லி மாதாமாதம் காத்திருந்தது. பர்மா போய் கான்சாஸ் வந்திருந்தது.

அரிசி ஆலைச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்தார்கள். அந்தச் செய்தியைப் பெரும்பாலோர் கவனிக்கக்கூட இல்லை. அப்போது உழவர்களின் தலைவலி வேறாக இருந்தது. விடியற்காலையில் கத்தரியும் வெண்டையும் மண்டிக்குப் போகும். கமிஷன், இறக்குக்கூலி, கழிவு என்று பிடித்தது போகக் கையில் வருவது பஸ் சார்ஜுக்குக் காணாது. அதே கத்தரி நாலு தெரு தள்ளி இரண்டு மடங்கு விலைக்கு விற்கும். 1999 நவம்பர் 14-ஆம் தேதி, கல்லுப்பட்டிக்கு வடக்கே மதுரை அண்ணா நகரில், போட்டோ ஒட்டிய அடையாள அட்டையோடு உழவர்களே தராசின் முன் உட்கார்ந்தார்கள். அந்த முதல் உழவர் சந்தையின் கதை அடுத்த இதழில்.